துருவ ஒளிக்குப் போகுமுன் மோரிப் கரைக்கு வாருங்கள்



இன்றைய தலைப்பு இரவு வானத்தைப் படம் பிடிப்பது பற்றியது. ஆனால் பேச்சைக் கல்யாண மண்டபத்திலிருந்து தொடங்கலாம். பந்திங்கில் ஒரு கல்யாணம் என்று வைத்துக் கொள்ளுங்கள். தாலி கட்டியாகி விட்டது. மாப்பிள்ளை பெண்ணின் பாதத்தைப் பிடித்து அம்மியில் வைக்கிறார். பிறகு ஐயர் இருவரையும் வாசலுக்கு அழைத்துப் போய் விரலை மேலே நீட்டுகிறார். "அருந்ததி தெரிகிறதா?" காலை பத்து மணி. மேலே வெயில் கொளுத்துகிறது. "தெரிகிறது சாமி" என்கிறார் மாப்பிள்ளை. தோழர்கள் சிரிக்கிறார்கள். படக்காரர் ஒரு படம் எடுக்கிறார். சடங்கு முடிந்தது. எல்லாரும் பந்திக்குப் போய் விட்டார்கள்.

பகலில் நட்சத்திரம் தெரியாதது மாப்பிள்ளையின் குற்றமல்ல. ஆனால் அன்றைக்கு இரவாவது அந்தத் தம்பதி வெளியே வந்து அருந்ததியைத் தேடுவார்களா? மண்டபத்தில் சாப்பிட்ட ஐந்நூறு பேரில் எத்தனை பேருக்கு அது எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியும்? சிரிப்பை அடக்கிக் கொண்டு யோசிக்க வேண்டிய கேள்வி இது.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. மே மாத நடுவில் இரவு பத்து மணிக்கு வடக்கே பாருங்கள். ஏழு நட்சத்திரங்கள் ஒரு கரண்டி போல இருக்கும். அதுதான் சப்தரிஷி மண்டலம். கரண்டியின் கைப்பிடியில் நடுவில் இருப்பவர் வசிட்டர். அவரை ஒட்டிக் கொண்டு மங்கலாக ஒரு சின்னப் புள்ளி. அதுதான் அருந்ததி. நல்ல கண்ணும் நல்ல இருட்டும் இருந்தால் கருவி எதுவும் இல்லாமலே தெரியும். கண் பலருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. இருட்டுதான் பற்றாக்குறை.

நோர்வே வரை ஒரு பயணம்

இப்போது நம் பிள்ளைகளுக்கு ஓர் ஆசை வந்திருக்கிறது. காசு சேர்த்து, விடுமுறை எடுத்து, நோர்வே நாட்டின் துரோம்சோவுக்கோ ஐஸ்லாந்துக்கோ போய்த் துருவ ஒளியைப் படம் பிடிக்க வேண்டும். நல்ல ஆசைதான். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே நீண்ட இரவுகள். குளிரில் கை விறைக்க, பல நாட்டுக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் கேமராவை நிறுத்தி வைத்துக் கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கிறார்கள்.

அந்த ஒளி எப்படி வருகிறது? சூரியனிலிருந்து மின்னேற்றம் கொண்ட துகள்கள் ஓயாமல் புறப்பட்டு வருகின்றன. பூமியின் காந்தப் புலம் அவற்றைத் தடுத்தும் வளைத்தும் துருவப் பகுதிகளின் பக்கம் திருப்பி விடுகிறது. அங்கே நூறு கிலோமீட்டருக்கு மேலே துகள்கள் காற்றில் மோதுகின்றன. அந்த மோதலில் ஆக்சிஜன் பச்சையாக ஒளிர்கிறது, இன்னும் உயரத்தில் சிவப்பாக ஒளிர்கிறது. நைட்ரஜன் நீலமும் ஊதாவும் தருகிறது. மலேசியா பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் பந்திங் வாசலில் நின்று கொண்டு துருவ ஒளிக்குக் காத்திருக்க வேண்டாம்.

போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. படத்தில் பார்க்கும் பச்சை கண்ணுக்கும் அப்படியே தெரியும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம் வரலாம். மங்கிய வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்கு நிறம் பிரித்துப் பார்க்கும் சக்தி குறைவு. கேமரா பத்து விநாடி, பதினைந்து விநாடி திறந்திருந்து ஒளியைச் சேர்த்து வைக்கிறது. ஒளி பலமாக இருக்கும் நாளில் கண்ணுக்கும் பச்சை தெரியும், ஆடும், ஓடும். பலவீனமான நாளில் சாம்பல் மேகம் போலத்தான் இருக்கும். ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழித்துப் போகிறவர் இதைத் தெரிந்து கொண்டு போவது நல்லது.

லடாக்கில் நடந்தது

2024 மே 10ஆம் தேதி பூமியை ஒரு பெரிய காந்தப் புயல் தாக்கியது. 2003ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்த அளவுக்குப் பலமான புயல் வந்ததில்லை. அன்று இரவு வழக்கமாகத் துருவ ஒளி தெரியாத நாடுகளிலும் வானம் சிவந்தது. இந்தியாவில் லடாக்கின் ஹான்லே என்ற இடத்தில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் வானாய்வகத்தின் கேமராக்கள் அந்தச் சிவப்பைப் பதிவு செய்தன. அங்கே உள்ள பெரிய தொலைநோக்கிக்கு இமாலய சந்திரா தொலைநோக்கி என்று பெயர். 1983இல் நோபல் பரிசு பெற்ற நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் அது.

அந்தச் சிவப்பு ஹான்லேயில் பதிவானதற்குப் புயல் ஒரு காரணம். இருட்டு இன்னொரு காரணம். நகர வெளிச்சம் நிறைந்த இடமாக இருந்தால் அந்த மெல்லிய சிவப்பு எடுபட்டிருக்காது. அந்த இருட்டைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் யார்? அங்குள்ள கிராமத்து மக்கள். 2022 டிசம்பரில் ஹான்லேயைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பை இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். மக்கள் தெருவிளக்குக்கு மூடி போட்டார்கள், வீட்டு ஜன்னலுக்குத் திரை போட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் 24 பேருக்கு வானியல் தூதர்கள் என்று பயிற்சி கொடுத்துத் தொலைநோக்கியும் கொடுத்தார்கள். வருகிற விருந்தினருக்கு அவர்களே வானத்தைக் காட்டுகிறார்கள், அதில் வருமானமும் பார்க்கிறார்கள். இருட்டை வைத்துப் பிழைக்க முடியும் என்று ஒரு கிராமம் காட்டியிருக்கிறது.

வானத்தைப் படம் பிடிப்பது தனி ஆள் வேலையாக என்றுமே இருந்ததில்லை. தமிழ்நாட்டில் சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1988 பிப்ரவரியில் ஆர்.ராஜமோகனும் அவருடைய குழுவினரும் அங்கே இரவு இரவாக வானத்தைப் படம் எடுத்து, அந்தப் படத்தகட்டில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். கணித மேதையின் நினைவாக அதற்கு ராமானுஜன் என்று பெயர். ஒருவர் கருவியைப் பார்க்க, ஒருவர் தகட்டைக் கழுவ, ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்த பலன் அது.

பந்திங்கின் சொத்து

சரி, நோர்வேயும் லடாக்கும் தொலைவில் இருக்கின்றன. பந்திங்கில் என்ன இருக்கிறது?

பந்திங் பூமியின் நடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. இதனால் கிடைக்கும் லாபத்தைக் கேளுங்கள். துரோம்சோவில் நிற்கிறவருக்குத் தென்சிலுவை வாழ்நாளெல்லாம் நின்றாலும் தெரியாது. ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் நிற்கிறவருக்குச் சப்தரிஷி மண்டலம் முழுதாகக் கிடைக்காது. பந்திங்கில் நிற்கிறவருக்கு இரண்டும் ஒரே இரவில், ஒரே நேரத்தில் கிடைக்கும். மே மாத நடுவில் இரவு பத்து மணி சுமாருக்கு வடக்கே திரும்பினால் ஏழு முனிவர்கள், தெற்கே திரும்பினால் தென்சிலுவை. துருவத்து ஒளி இங்கே இல்லை, ஆனால் இரண்டு பக்கத்து வானமும் இங்கே உண்டு.

பால்வீதியும் அப்படித்தான். அதன் நடுப்பகுதி, ஒளி மிகுந்த பகுதி, ஐரோப்பாவின் வடக்கே இருப்பவர்களுக்குத் தொடுவானத்தோடு ஒட்டிக் கிடக்கும். இங்கே அது நல்ல உயரத்துக்கு ஏறி வரும். ஜூன் மாதத்தில் நள்ளிரவு கடந்து தெற்கே நிமிர்ந்து நிற்கும். ஆகஸ்டு கடைசியில் இரவு ஒன்பது மணிக்கே அங்கு வந்து விடும், பிறகு மெல்ல மேற்கே சாயும். மோரிப் கடற்கரை மலாக்கா நீரிணையைப் பார்த்துத் தென்மேற்கே இருக்கிறது. வடக்கே கிள்ளான் துறைமுகத்தின் வெளிச்சம், கிழக்கே 1998இல் திறந்த சிப்பாங் விமான நிலையத்தின் வெளிச்சம். ஆனால் கடலுக்கு மேலே கொஞ்சம் இருட்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தில்தான் பால்வீதி சாய்கிறது.

கூட்டமாகப் போனால் எப்படிப் போவது?

முதலில் நாள். அமாவாசையை ஒட்டிய இரவுகள் நல்லவை. ஆனால் அமாவாசைக்குக் கடல் வற்றும் அளவும் ஏறும் அளவும் அதிகம். மோரிப்பில் நீர் வெகுதூரம் உள்வாங்கும், பிறகு சேற்று மணலில் ஏறி வரும். படம் எடுக்கும் மும்முரத்தில் கால் நனைந்த பிறகு டிரைப்பாடைத் தூக்கிக் கொண்டு ஓடுவது வேடிக்கையாக இருக்காது. கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்து விட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாவது கேமரா. டிரைப்பாட், அகலமான லென்ஸ், ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200. எத்தனை விநாடி திறப்பது? பழைய படக்காரர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. 500ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்துக் கொள்ளுங்கள். 20 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 25 விநாடி. சிறிய சென்சார் உள்ள கேமரா என்றால் இன்னும் குறையுங்கள். அதற்கு மேல் போனால் பூமி சுற்றுவது படத்தில் தெரிந்து விடும், புள்ளி கோடாகி விடும். பெரிய கேமரா இல்லையா? இப்போதைய கைப்பேசிகள் பலவற்றில் இரவுப் படம் எடுக்கும் வசதி இருக்கிறது. ஒரு கல்லில் சாய்த்து அசையாமல் வைத்தாலே நட்சத்திரம் விழும். நம் ஊர் ஈரக் காற்றில் லென்ஸ் மேல் பனி படியும். துடைக்க ஒரு துணி மறக்காதீர்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். பக்கத்தில் நிற்கிறவர். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒருவர் கைவிளக்கை ஒரு விநாடி தட்டினால் அங்கே நிற்கும் பத்துப் பேரும் மறுபடியும் முதலிலிருந்து பழக வேண்டும். பத்துப் பேரின் படமும் வெளுத்துப் போகும். அதனால் பொழுது சாயுமுன்பே வந்து விடுங்கள். காரைத் திரும்பிப் போக வசதியாக நிறுத்துங்கள். விளக்கு வேண்டுமென்றால் சிவப்புக் காகிதம் ஒட்டிய விளக்கு. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம், நட்சத்திரம் வரை அது எட்டப் போவதில்லை. கிளம்புகிறவர், "காரை எடுக்கிறேன், படம் முடிந்ததா?" என்று கேட்டு விட்டு எடுங்கள். கேட்டால் முப்பது விநாடி தாமதம். கேட்காவிட்டால் பகை.

நான்காவது நேர்மை. இரண்டு இரவில் எடுத்த படங்களை ஒட்டி ஒரே இரவு போலக் காட்டுவது இப்போது எளிது. ஒட்டுவது கலை என்றால் கலை என்று சொல்லி விட்டு ஒட்டுங்கள். மோரிப்பில் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டினால், அதை நம்பி வருகிற குடும்பம் ஏமாந்து திரும்பும். பிறகு நல்ல படத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வெளிச்சம் கேட்டு வாங்கியவர்கள்

இப்போது இந்த அவையிலேயே ஒரு பெரியவர் எழுந்து கேட்கலாம். "தம்பி, தங்கச்சி, இருட்டு வேண்டும் என்று பேசுகிறீர்கள். இருட்டு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?"

நியாயமான கேள்வி. கோல லங்காட் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிகள் வாழ்ந்த வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். தலையில் விளக்கைக் கட்டிக் கொண்டு பால்மரம் சீவப் போக வேண்டும். காலடியில் பாம்பு இருக்கலாம். லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் பிள்ளைகள் படிக்க வேண்டும். அவர்களுக்கு மின்விளக்கு சும்மா வரவில்லை. கேட்டுக் கேட்டு, காத்துக் காத்து வந்தது. அப்படி வந்த வெளிச்சத்தைப் போய் அணைக்கச் சொல்ல இன்றைய கேமராக்காரருக்கு என்ன உரிமை?

அந்தப் பெரியவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவரிடமே இன்னொன்றையும் கேளுங்கள். பெரட்டுக்குப் போகும்போது மணி எப்படித் தெரிந்தது? "விடிவெள்ளி கிளம்பி விட்டது" என்று பாட்டி சொல்வார். கார்த்திகை மாதத்து மாலையில் கிழக்கே ஆறு மீன் கூட்டத்தைக் காட்டிக் கொடுப்பார். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் இலட்சக்கணக்கானவர்கள் கூடுகிறோம். பூசம் என்பது என்ன? ஒரு நட்சத்திரக் கூட்டம். தை மாதத்து முழுநிலா அதை ஒட்டி நிற்கும் நாள் தைப்பூசம். நாட்காட்டியில் அச்சாகி வரும் இந்த நாள்களையெல்லாம் முன்னோர் வானத்தில் பார்த்துத்தான் குறித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு அந்த வானம் படிக்கத் தெரிந்திருந்தது. பட்டம் வாங்கிய பேரனுக்குத் தெரியவில்லை. அவன் சோம்பேறி என்பதால் அல்ல, படிக்க வேண்டிய பக்கத்தையே வெளிச்சம் அழித்து விட்டதால்.

எவ்வளவு வேகமாக அழிகிறது? 2023 ஜனவரியில் சயன்ஸ் என்ற ஆய்வு இதழில் ஒரு கணக்கு வந்தது. உலகம் முழுவதும் பொதுமக்கள் 2011 முதல் 2022 வரை வெறுங்கண்ணால் பார்த்து அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளை வைத்துப் போட்ட கணக்கு. இரவு வானம் ஆண்டுக்குச் சராசரி 9.6 விழுக்காடு வெளுத்துக் கொண்டே போகிறது. இன்று 250 நட்சத்திரங்கள் தெரியும் ஊரில் ஒரு குழந்தை பிறந்தால், அதற்குப் பதினெட்டு வயதாகும்போது அங்கே 100தான் தெரியும். பிள்ளை வளர வளர வானம் தேய்கிறது.

இழப்பு நட்சத்திரத்தோடு நிற்பதில்லை. நம் சிலாங்கூர் மாநிலத்திலேயே கோல சிலாங்கூரில் கம்போங் குவாந்தான் இருக்கிறது. ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைவதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். அந்த மின்னல்தான் அவை இணையைத் தேடும் மொழி. கரையில் பலமான விளக்கு வந்தால் அந்த மொழி அதுகளுக்கே புரியாமல் போகும்.

அப்படியென்றால் விளக்கை அணைப்பதா? வேண்டாம். ஹான்லே மக்களும் இருட்டில் உட்காரவில்லை. விளக்குக்குக் குல்லாய் போட்டார்கள், அவ்வளவுதான். தெருவிளக்கு எதற்கு? தெருவுக்கு. அதன் வெளிச்சம் கீழே விழ வேண்டும். மேலே போகிற வெளிச்சம் யாருடைய காலுக்கும் வழி காட்டுவதில்லை. மின்கட்டணம் மட்டும் ஏறுகிறது. கண்ணைக் கூசும் வெள்ளை விளக்குக்குப் பதிலாக மஞ்சள் சாயல் உள்ள விளக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் அணையும் விளம்பரப் பலகை, வாசல் விளக்குக்கு ஒரு மூடி. இவை போதும். பெரியவர் கேட்டு வாங்கிய வெளிச்சமும் போகாது, பாட்டி காட்டிய வானமும் போகாது.

இதைக் கோல லங்காட் நகராண்மைக் கழகத்திடம் கேட்கலாம். ஒருவர் போய்க் கேட்டால் காதில் விழாமல் போகலாம். ஐம்பது குடும்பங்கள், மோரிப்பில் தாங்களே எடுத்த படங்களோடு போய்க் கேட்டால் கேட்பார்கள். அதற்காகவும்தான் கூட்டமாகப் படம் எடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அதே மாதம், அதே இடம், அதே கேமரா அளவு. பத்து ஆண்டு போனால் அந்தப் படங்கள் வரிசையாக நின்று சாட்சி சொல்லும். எத்தனை நட்சத்திரம் இருந்தது, எத்தனை போனது, அல்லது எத்தனை திரும்பி வந்தது என்று.

ஆகவே அன்பர்களே, நோர்வேக்குக் காசு சேர்க்கிறவர்கள் தாராளமாகச் சேருங்கள். ஆனால் விமானம் ஏறுமுன் ஓர் இரவு மோரிப் கரைக்கு வாருங்கள். தனியாக வராதீர்கள். கேமரா வைத்திருக்கும் தம்பியை அழைத்து வாருங்கள். தேநீர்ப் பிளாஸ்க், கொசு எண்ணெய், ஒரு மடக்கு நாற்காலி. அந்த நாற்காலி பாட்டிக்கு. கேமராவைத் திறக்கும் அந்த இருபத்தைந்து விநாடியில் ஒருவரும் விளக்குப் போட மாட்டார்கள், ஒருவரும் கைப்பேசியைப் பார்க்க மாட்டார்கள். அந்த நேரத்தில் பாட்டியிடம் கேளுங்கள், "அது என்ன நட்சத்திரம் பாட்டி?" என்று. அவர் சொல்லும் பெயரை எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். காலையில் ஐயரிடம் "தெரிகிறது சாமி" என்று சொன்னார்களே, அதை ஒரு முறையாவது உண்மையாக்கி விட்டுப் போகட்டும்.